வெண்மைக்குச் சாட்சி யார்?

2010 பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை. அடுத்த திங்கட்கிழமை ஹோலி, நீண்ட விடுமுறை. அந்த வெள்ளியன்று நாடு முழுக்கத் தொலைக்காட்சிகளில் ஒரு சலவைத்தூள் விளம்பரம் ஓடத் தொடங்கியது. பள்ளிப் பேருந்துக்காகக் காத்திருக்கும் இரண்டு அம்மாக்கள். ஒருவர் கூடையில் டைட் நேச்சுரல்ஸ் பாக்கெட், இன்னொருவர் கூடையில் ரின். டைட் வைத்திருப்பவர் தன் தூளின் மணத்தையும் வெண்மையையும் புகழ்கிறார். பேருந்து வந்து நிற்கிறது. அவர் பையன் மங்கிய சட்டையோடு இறங்குகிறான். ரின் அம்மாவின் பையன் பளீரென்ற வெள்ளைச் சட்டையில் ஓடிவந்து, அந்த ஆன்ட்டி ஏன் இப்படித் திடுக்கிட்டுப் போனார் என்று கேட்கிறான்.

போட்டியாளரைத் தாக்கும் விளம்பரங்கள் அதற்கு முன்பும் வந்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் எதிராளியின் பாக்கெட்டை 'சாதாரணத் தூள்' என்ற அளவில் நிறுத்திக்கொள்வார்கள், பெயரை மறைத்துவிடுவார்கள். இங்கே பெயர், பாக்கெட், நிறம் எல்லாமே வெளிப்படை. டைட்டைத் தயாரிக்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள், கொல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மார்ச்சில் தடை வந்தது. அதற்குள் அந்த விளம்பரம் தன் வேலையை முடித்திருந்தது. நீதிமன்றமும் திறந்திருக்காது, விளம்பரத் துறையின் புகார் குழுவும் கூடாது என்று நாள் பார்த்துத்தான் இறக்கினார்கள் என்ற பேச்சு அப்போது துறை முழுக்க இருந்தது.

இந்தச் சண்டைக்கு ஒரு சென்னைப் பக்கமும் உண்டு. டைட் நேச்சுரல்ஸ் விளம்பரம், அந்தத் தூளில் எலுமிச்சையும் சந்தனமும் கலந்திருப்பதுபோல் காட்டுகிறது என்று ரின்னின் உரிமையாளரான இந்துஸ்தான் யூனிலீவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. விளம்பரத்தை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. ஆக, ஒரு நிறுவனம் இல்லாததை இருப்பதாகக் காட்டியதாகப் புகார். இன்னொன்று அடுத்தவர் பொருளை மட்டம் தட்டியதாகப் புகார். துணி துவைக்கும் நம் வீடுகளுக்கு இரண்டுமே முக்கியம். ஆனால் இரண்டு வழக்கிலும் வழக்காடியவர்கள் நிறுவனங்கள்தான். வாங்குபவர் யாரும் அங்கே இல்லை.

இப்படிப்பட்ட தகராறுகள் நீதிமன்றம்வரை போகாமல் துறைக்குள்ளேயே தீர வேண்டும் என்பதற்காக 1985இல் மும்பையில் தொடங்கப்பட்டதுதான் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில். துறைக்காரர்கள் 'ஆஸ்கி' என்பார்கள். இது அரசு அமைப்பு அல்ல. விளம்பரம் கொடுப்பவர்கள், விளம்பர நிறுவனங்கள், பத்திரிகை, தொலைக்காட்சி போன்ற ஊடகங்கள், இவற்றைச் சார்ந்த தொழில் செய்பவர்கள் என்று நான்கு தரப்பினர் சேர்ந்து, தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வேலி. ஆட்சிக்குழுவில் தரப்புக்கு நான்கு பேர், மொத்தம் பதினாறு. தீர்ப்புச் சொல்வது அவர்கள் அல்ல. அதற்கென்று நுகர்வோர் புகார் குழு தனியாக இருக்கிறது. அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், நுகர்வோர் அமைப்பினர் என்று விளம்பரத் துறைக்கு வெளியே இருந்து வருபவர்கள். அந்த எண்ணிக்கை தற்செயலானது அல்ல. குற்றம் சாட்டப்பட்டவரின் சகாக்களே நீதி சொல்கிறார்கள் என்ற சந்தேகம் எழக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு.

இந்தக் கவுன்சிலின் விதித்தொகுப்பில் என்னை மிகவும் கவர்ந்தது முதல் விதி. சரிபார்க்கக்கூடிய எந்த விஷயத்தை விளம்பரம் சொன்னாலும் அதற்கான ஆதாரம் விளம்பரதாரர் கையில் இருக்க வேண்டும்; கேட்கும்போது எடுத்துக் கொடுக்க வேண்டும். அதாவது, புகார் சொல்பவர் அந்தக் கூற்று பொய் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. சொன்னவர்தான் உண்மை என்று நிரூபிக்க வேண்டும். இந்த ஒரு விதியால் அஞ்சலட்டை வாங்கக் காசில்லாத மனிதரும் ஆயிரம் கோடி நிறுவனமும் ஒரே மட்டத்தில் வந்து நிற்கிறார்கள். நம் வீட்டில் ஆய்வுக்கூடம் கிடையாது. ஷாம்புவின் 'பத்தில் எட்டுப் பெண்கள்' யார், எத்தனை பேரிடம் கேட்டார்கள், எத்தனை வாரம் கழித்துக் கேட்டார்கள், கேட்டவருக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்று நமக்குத் தெரிய வழியில்லை. சோப்பு கொன்ற '99.9 சதவீதக் கிருமிகள்' கண்ணாடித் தட்டில் செத்தனவா, கையில் செத்தனவா என்று நம்மால் சொல்ல முடியாது. தெரியாதவர் கேட்கலாம், தெரிந்தவர் பதில் சொல்லியாக வேண்டும்.

புகார் வந்ததும் விளம்பரதாரருக்குக் கடிதம் போகும். புகார் சொன்ன நுகர்வோரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஆய்வறிக்கை, கருத்துக்கணிப்பு, விற்பனைக் கணக்கு என்று வருபவற்றைத் துறை அறிந்த வல்லுநர் பார்ப்பார். பிறகு குழு கூடும். புகார் சரி என்றால் விளம்பரத்தைத் திருத்த வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும். ஒப்பாவிட்டால் மறுபரிசீலனைக்கும் வழி உண்டு. நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் மேல் புகார் கொடுத்தால் கட்டணம் உண்டு. அதற்கென்று விரைவுப் பாதையும் உண்டு. பொதுமக்களுக்குப் பெரும் கேடு என்று தோன்றினால் விசாரணை முடியும்வரை விளம்பரத்தை நிறுத்திவைக்கவும் சொல்லலாம்.

எல்லா மிகைப்பேச்சும் பொய் ஆகிவிடாது. ஒரு பானத்தைக் குடித்ததும் கதாநாயகன் மலையைத் தாண்டுகிறான் என்றால் யாரும் நம்பி மலைக்குப் போவதில்லை. சிரிக்க வைக்க, கண்ணைக் கவர என்று வெளிப்படையாகத் தெரியும் மிகையை விதிகள் அனுமதிக்கின்றன. சிக்கல் சின்னச் சொற்களில்தான் இருக்கிறது.

2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் கோல்கேட் நிறுவனத்துக்கும் ஆங்கர் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கால்சியம், ஃபுளோரைடு, ட்ரைக்ளோசன் மூன்றும் இருக்கும் ஒரே பற்பசை தன்னுடையது, முழுப் பாதுகாப்பு தரும் முதல் பற்பசை தன்னுடையது என்று ஆங்கர் விளம்பரம் செய்தது. கோல்கேட் மறுத்தது. நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் அந்த விளம்பரத்தை அடியோடு தூக்கியெறியவில்லை. 'ஒரே', 'முதல்' என்ற இரண்டு சொற்களுக்குத் தடை போட்டார். வியாபாரி தன் சரக்கைப் புகழ்வது பழைய வழக்கம், அது போட்டியாளர்கள் இருவருக்கு இடையே உள்ள சங்கதி என்று மட்டும் பார்க்காமல், அந்தப் புகழ்ச்சியை நம்பி வாங்குபவரின் பக்கமிருந்தும் பார்த்த தீர்ப்பு அது. இன்றும் விளம்பர வழக்குகளில் எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரு விளம்பரத்தில் எந்தச் சொல் வீட்டுக்குள் வந்து பணத்தை எடுத்துக்கொண்டு போகிறது என்று கண்டுபிடித்து, அந்தச் சொல்லை மட்டும் பிடுங்குவது எளிய வேலை அல்ல.

அதே நுணுக்கத்தை 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு பற்பசை விஷயத்தில் காட்டியது. உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது என்றது சென்சோடைன் விளம்பரம். ஆதாரம் கேட்டபோது வந்தவை இந்தியப் பல் மருத்துவர்களிடம் எடுத்த கணிப்புகள். கணிப்பு நடந்தது உண்மையாகவே இருக்கட்டும். அதில் 'உலகம்' எங்கே இருக்கிறது? பத்து லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். அபராதம் விதித்தது சட்டத்தால் பிறந்த ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020இல் அமைந்தது. முதல் தவறுக்குப் பத்து லட்சம், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரை அபராதம் போடலாம். விளம்பரத்தில் நடித்த பிரபலத்தை ஓராண்டு, பிறகு மூன்றாண்டு வரை விளம்பரங்களில் தோன்றாமல் தடுக்கலாம். விளம்பரக் கவுன்சிலால் ஒரு ரூபாய் அபராதம்கூடப் போட முடியாது. சொல்லலாம், கேட்டுக்கொள்ளலாம், கேட்காதவர் பெயரை வெளியிடலாம். கேபிள் தொலைக்காட்சி விதிகளில் மட்டும் அதற்கு ஒரு சட்டப் பலம் கிடைத்திருக்கிறது. கவுன்சிலின் விதித்தொகுப்பை மீறும் விளம்பரத்தை ஒளிபரப்பக்கூடாது என்று 2006இல் அரசு அந்த விதிகளில் சேர்த்தது. தொலைக்காட்சிக்கு அந்தப் பிடி உண்டு. செய்தித்தாளுக்கு அப்படி ஒன்று இல்லை. கைபேசித் திரைக்கும் இல்லை.

ஆனால் இன்று சிக்கல் எல்லாம் கைபேசித் திரையில்தான். 2023-24ஆம் ஆண்டில் கவுன்சில் பரிசீலித்த புகார்கள் பத்தாயிரத்துக்கும் மேல். அவை தொடர்பான விளம்பரங்களில் பெரும்பங்கு இணையத்தில் வந்தவை. மிக அதிக மீறல்கள் நடந்த துறை மருத்துவம். அந்த விளம்பரங்களில் மிகப் பெரும்பாலானவற்றை யாரும் புகார் கொடுத்து எடுக்கவில்லை. கவுன்சில் தானாகக் கண்காணித்து எடுத்தது. 2012 முதலே அச்சு, தொலைக்காட்சி விளம்பரங்களைத் தேடிப் பார்க்கும் ஏற்பாட்டை வைத்திருக்கிறார்கள். அதைப் பாராட்டுகிறேன். ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: ஏமாந்தவர்கள் புகார் கொடுப்பதில்லை.

ஏன் கொடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும். என் அத்தைக்குச் சர்க்கரை நோய். எட்டு வருடத்துக்கு முன் உள்ளூர் கேபிள் சேனலில் வந்த ஒரு சூரண விளம்பரத்தைப் பார்த்தார். நாற்பத்தெட்டு நாள், அதாவது ஒரு மண்டலம் சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சொன்னார். அத்தை பணம் அனுப்பி வரவழைத்தார். மாத்திரையை நிறுத்தினார். முப்பதாவது நாள் அவரை ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். கால் விரல் ஒன்று போனது. அந்த விளம்பரக்காரர் மேல் புகார் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. "நான்தானே நம்பினேன், யாரைச் சொல்லி என்ன?" என்றார் அத்தை. ஏமாந்ததைத் தன் தவறாக எடுத்துக்கொள்ளும் மனசு நம் ஊரில் நிறைய வீடுகளில் உண்டு. பொய் விளம்பரம் அந்த வெட்கத்தை நம்பித்தான் வாழ்கிறது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன்: சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். எழுபது ஆண்டுப் பழைய சட்டம்.

சீட்டாட்டமும் ஐந்தில் ஒரு பங்கும்

துறையே துறையைக் கட்டுப்படுத்துவதன் எல்லை எது என்று தமிழ்நாட்டுக்குப் புரியவைத்தது ஆன்லைன் ரம்மி. ஊரடங்குக் காலத்தில் கிரிக்கெட் இடைவேளைகளில் எல்லாம் அந்த விளம்பரம். சம்பளத்தை இழந்தவர்கள், கடன் வாங்கி ஆடியவர்கள், உயிரை விட்டவர்கள் பற்றிய செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு தடைச் சட்டத்துக்கான அவசர ஆணை பிறப்பித்தது. அதே காலத்தில் விளம்பரக் கவுன்சில் தன் விதிகளை வெளியிட்டது. டிசம்பர் 15 முதல் நடைமுறை. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் ஆடுவதாகக் காட்டக்கூடாது. இது ஒரு வருமான வழி, வேலைக்கு மாற்று என்று சொல்லக்கூடாது. பண இழப்பு அபாயமும் அடிமையாகும் அபாயமும் உண்டு என்ற எச்சரிக்கை அச்சு விளம்பரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் வர வேண்டும். தொலைக்காட்சிகள் இதைப் பின்பற்ற வேண்டும் என்று மத்திய அரசும் அறிவுறுத்தியது.

கவனமாக எழுதப்பட்ட விதிகள்தான். ஆனால் ஒரு விளம்பர அமைப்பு, 'இதை எப்படி விற்கலாம்' என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்லும். 'இதை விற்கலாமா' என்பது அதன் கையில் இல்லை. அந்தக் கேள்வி சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்த் திரும்பியது. 2021இல் முதல் சட்டம் ரத்தானது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது. 2023இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரம்மி, போக்கருக்கான தடை மட்டும் நீதிமன்றத்தில் விழுந்தது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் சேர்த்தே தடை செய்தது. நடுவில் கழிந்த ஐந்து ஆண்டுகள் தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்கு ஐந்து ஆண்டுகளாகக் கழியவில்லை.

எச்சரிக்கை வாசகங்கள் பற்றிக் கவுன்சிலுக்கு 2016 முதல் வழிகாட்டுதல் உண்டு. முக்கிய வாசகம் எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே பொடி எழுத்து வாசகமும் வர வேண்டும். விளம்பரம் பெரிதாகச் சொன்னதைப் பொடி எழுத்து மறுக்கக்கூடாது. இந்த வாரம் ஒரு மாலை நேரம் தமிழ்ச் சேனல் ஒன்றின் முன் உட்கார்ந்து பாருங்கள். தமிழில் பேசும் விளம்பரங்களின் அடியில் எத்தனை ஆங்கில வரிகள் ஓடி மறைகின்றன என்று எண்ணுங்கள்.

மன்னிப்பின் அளவு

2016இல் பதஞ்சலியின் கடுகு எண்ணெய் விளம்பரம் உட்படச் சிலவற்றுக்கு ஆதாரம் இல்லை என்று புகார் குழு சொன்னது. விளம்பரங்கள் நிற்கவில்லை, வேறு பொருள்கள், வேறு கூற்றுகள் என்று தொடர்ந்தன. 2022இல் இந்திய மருத்துவ சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2023 நவம்பரில் இனி அப்படி விளம்பரம் செய்ய மாட்டோம் என்று நிறுவனம் வாக்குக் கொடுத்தது. அதையும் மீறியது என்று 2024 பிப்ரவரியில் அவமதிப்பு நோட்டீஸ் போனது. ஏப்ரலில் செய்தித்தாள்களில் மன்னிப்பு வந்தது. அப்போது நீதிபதிகள் ஹிமா கோலியும் அஹ்சானுதீன் அமானுல்லாவும் கேட்ட கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை: இந்த மன்னிப்பு, உங்கள் விளம்பரங்கள் வந்த அளவில் வந்திருக்கிறதா? மறுநாள் பெரிய எழுத்தில் மன்னிப்பு வந்தது.

கவுன்சிலின் விதித்தொகுப்பில் இல்லாத அந்தக் கேள்வி, இருக்க வேண்டிய கேள்வி. முழுப்பக்கத்தில் சொன்ன பொய்யை, ஒரு கூட்டத்தின் குறிப்பேட்டில் 'புகார் ஏற்கப்பட்டது' என்று எழுதித் திருத்த முடியாது. என் அத்தை அந்தக் குறிப்பேட்டைப் படிக்கப் போவதில்லை. விளம்பரம் எந்தச் சேனலில், எந்த நேரத்தில், எந்த மொழியில் வந்ததோ, திருத்தமும் அங்கேயே வர வேண்டும். இதைக் கவுன்சில் தன் உறுப்பினர்களிடம் கட்டாயமாக்க எந்தச் சட்டமும் தடையாக இல்லை. தயக்கம்தான் தடை.

அதே ஆண்டு மே 7 அன்று உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முன்கூட்டியே உண்மைச் சான்றுரை பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. ஜூன் 18 முதல் நடைமுறை. திருமண மண்டப விளம்பரத்துக்கும் சான்றுரையா என்று சிறு பத்திரிகைகளும் சிறு வியாபாரிகளும் திணறிப்போனார்கள். ஜூலையில் அது உணவு, மருத்துவப் பொருள்களுக்கு மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை என்று சுருங்கியது. எல்லாவற்றையும் முன்கூட்டியே சோதிப்பது நடக்காத காரியம். அதனால்தான் துறைக்குள்ளேயே ஒரு புகார் குழு வேண்டும் என்கிறேன். அது விரைவானது, செலவில்லாதது, சொல்லைச் சொல்லாகப் பார்க்கத் தெரிந்தது. 2017இல் உச்ச நீதிமன்றமும் தொலைக்காட்சி, வானொலி விளம்பரங்களுக்கு இந்த ஏற்பாடு உதவுகிறது என்று ஏற்றுக்கொண்டது.

வேறு நாடுகளிலும் இது எளிதாக அமைந்துவிடவில்லை. பிரிட்டனில் 1962 முதல் இயங்கும் விளம்பரத் தர ஆணையத்துக்கான பணம், ஒவ்வொரு விளம்பரச் செலவிலும் சிறு பங்காகப் பிடிக்கப்படுகிறது. வசூலிப்பது வேறு ஓர் அமைப்பு. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தீர்ப்புச் சொல்பவர்களுக்குத் தெரியாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடு என்றால் இதைத்தான் சொல்வேன். அமெரிக்காவில் 1971இல் இருந்து ஒரு தேசிய விளம்பரப் பிரிவு உண்டு. அதன் பேச்சைக் கேட்காத நிறுவனத்தின் கோப்பு அரசின் வர்த்தக ஆணையத்துக்குப் போகும். அங்கே ஏடி அண்ட் டி நிறுவனம் தன் 4ஜி சேவைக்கு '5ஜி எவல்யூஷன்' என்று பெயர் வைத்தபோது டி-மொபைல் புகார் கொடுத்தது. 2020இல் மேல்முறையீட்டிலும் ஏடி அண்ட் டி தோற்றது. விளம்பரங்களில் அந்தப் பெயரை நிறுத்த ஒப்புக்கொண்டது. ஆனால் வாடிக்கையாளர் கைபேசித் திரையின் மூலையில் இருந்த '5ஜிஇ' என்ற குறியீடு அப்படியே இருந்தது. அது விளம்பரம் அல்ல என்றார்கள்.

நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த வாரம், எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத் தூணில் புதிதாக ஒரு சுவரொட்டி. சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு, 48 நாளில், உத்தரவாதம். கீழே ஒரு கைபேசி எண். படம் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கவுன்சிலின் இணையப் புகார்ப் படிவத்தைத் திறந்தேன். விளம்பரத்தை எங்கே பார்த்தேன், எப்போது பார்த்தேன் என்று எழுதிப் படத்தை இணைத்தேன். எந்தக் கூற்றை மறுக்கிறேன் என்று எழுத வேண்டிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்தில் அத்தை காலை நீட்டி உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிரந்தரம்னு போட்டிருக்கான் பாரு, அதை எழுது" என்றார்.

எழுதினேன்.